சயாமா இறங்கும் வரை

என் கடை மேசையில், அளவு நாடாவுக்கும் கயிறு வெட்டும் கத்திக்கும் நடுவில் ஒரு குச்சி கிடக்கிறது. முழங்கை நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் கனம். யாரோ ஒரு படகுக்காரரின் துடுப்பு உடைந்தபோது அதன் கைப்பிடியை அறுத்து, கண்ணாடிச் சில்லால் இழைத்துச் செய்தது. பிடிக்கும் முனையில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றியிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் வாங்க வந்ததைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இந்தக் குச்சியைப் பார்த்துவிடுவார்கள். "நாய் விரட்டவா அக்கா?" என்று படகுத்துறைப் பிள்ளைகள் கேட்பார்கள். "நாய் சொன்னபடி கேட்கும்டா, இது உங்களுக்கு" என்பேன். சிரித்துக்கொண்டு போவார்கள். ஒரு காலத்தில் இந்தக் குச்சியைக் கண்ணில் படாமல் தார்ப்பாய்க் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் பர்மாவில், போட்டாதாங்கில், ஆற்றுத் துறைக்கு எதிரே கயிற்றுக் கடை வைத்திருக்கிறோம். கயிறு, தார்ப்பாய், கப்பி, கொக்கி, அவ்வளவுதான் எங்கள் உலகம். என் மாமனாரின் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். தூக்குகிறதைவிடக் கட்டுகிற கயிற்றை விற்றால் முதுகு பிழைக்கும் என்று அவருடைய மகனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் புத்திசாலியின் புண்ணியத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பிழைக்கிறோம், மின்சாரம் இருக்கிற நேரத்தில். அந்தக் கடைக்கு ஒரு மழைக்கால மத்தியானம் சயாமா வந்தார். சயாமா என்றால் இங்கே டீச்சரம்மா. அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. என் வாயில் அது கடைசிவரை சரியாக நுழையவில்லை.

நல்ல உயரம், நல்ல கறுப்பு. அவர் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த பர்மியத் தமெய்ன் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. குடையை வாசலில் உதறிவிட்டு, சந்தையில் கற்ற பர்மிய மொழியில், "நீளாத கயிறு வேணும்" என்றார். நைலான் கயிற்றை எடுத்துப் போட்டேன். ஒரு முனையைச் செருப்புக் காலில் மிதித்து, மறு முனையைக் கையில் சுற்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தார். "நீளுது." வேறொன்று போட்டேன். "நீளுது." நான்காவதும் நீண்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. கயிறு என்றால் கொஞ்சம் நீளத்தான் செய்யும், இருபது வருடமாக விற்கிறேன், எனக்குத் தெரியாதா? வீம்புக்காகவே பரணில் ஏறி, யாரோ சொல்லிவைத்து வாங்காமல் போன ஒரு கருநீலக் கயிற்றுச் சுருளை இறக்கினேன். அதைப் பல்லில் கடித்து இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆடு கட்டவா?" என்று கேட்டேன். "ஆடு இல்லை, ஆட்டுத் தோல்" என்றார்.

அப்படித்தான் ஜெம்பே என்ற பெயரை முதலில் கேட்டேன். உரல் மாதிரி குடைந்த மரத்தின் வாயில் ஆட்டுத் தோலைப் போர்த்தி, சுற்றிலும் கயிற்றால் இழுத்துக் கட்டி, வெறுங்கையால் அடிக்கிற மேளம். மேற்கு ஆப்பிரிக்காவில் கினியா என்ற நாடு அவருடையது. அதன் தலைநகரத்தில் ஒரு பெரிய ஆட்டக் குழுவில் பதினைந்து வயதிலிருந்து ஆடியவர். இங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். அது வயிற்றுக்கு. உயிருக்கு வாரம் இரண்டு நாள், லான்மடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கூடத்தில் மேளமும் ஆட்டமும் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஊர் மழையில் தோலெல்லாம் நமத்துப்போன அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது, கயிறு நீண்டுவிடுகிறது, ஒற்றை ஆளாக இறுக்க முடியவில்லை என்றார். கயிறு என்று வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. அந்த வாரமே மூன்று மாடி ஏறினேன். இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் காலை உதைத்து இழுத்து, ஆறு மேளங்களை ஒரே நாளில் இறுக்கினோம். கடைசி முடிச்சைப் போட்டதும் அவர் தோலை ஒரு தட்டுத் தட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு உள்ளங்கால்வரை போனது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது, அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. துறைப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் "அக்கா" என்று பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த முதல் தமிழ்ச் சொல் அது. நான் மேளத்தை இறுக்கப் போவேன், வகுப்பு முடியும்வரை மூலையில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாள் பெரிய மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போனார். சயாமா என்னைப் பார்த்தார். நான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அந்தப் பெரிய மேளத்துக்கு டூண்டூன் என்று பெயர். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, இரண்டு பக்கமும் மாட்டுத் தோல் போட்டு இங்கேயே செய்தது. மேலே ஓர் இரும்பு மணியைக் கட்டியிருக்கும். வலது கைக் குச்சி தோலுக்கு, இடது கையில் பிடித்த இரும்பு ஆணி மணிக்கு. ஜெம்பே அடிக்கிறவர்கள் கொண்டாடப்படுவார்கள், வியர்ப்பார்கள், கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். டூண்டூன்காரருக்கு அதெல்லாம் கிடையாது. ஒரே ஒரு வரிசை அடி. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அதையே அடிக்க வேண்டும். "நீ தரை" என்றார் சயாமா. "ஆடுறவங்க தரையைப் பார்க்கமாட்டாங்க. ஆனா அது இருக்கணும்." இன்னொரு சட்டமும் சொன்னார். டூண்டூன் தானாக நிற்கக் கூடாது. முன்னணி ஜெம்பே ஒரு குறிப்பிட்ட அடியைக் கொடுக்கும், தனியாக ஒரு தட்டு, அதன் பின்னால் வேகமாக ஒரு சரம். ஆரம்பிக்கவும் நிறுத்தவும் அதே அடிதான். அது கேட்டால்தான் நிறுத்த வேண்டும். கை வலித்தாலும், கூரை இடிந்தாலும், அந்த அடி வராமல் நிறுத்தக் கூடாது. நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

அடிகளை நான் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டேன். கோயில் பஜனையில் வருடக் கணக்காகத் தாளம் போட்டவள், எனக்கென்ன என்ற தலைக்கனம் வேறு. ஆனால் ஆடுகிற பெண்களைப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது. நான் ஓங்கி அடிக்கிற இடத்தில் ஒரு கால்கூட விழவில்லை, எல்லாரும் முன்னும் பின்னுமாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வகுப்புகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாலாவது நாள் சயாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பிள்ளைங்களுக்குத் தாளமே வரலை" என்று சொல்லியேவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தரையில் உட்கார்ந்து, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் காலை கடைக்கு வந்து என் கையைப் பிடித்துத் துறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் கரைக்கும் படகுக்கும் நடுவில் போட்ட நீண்ட பலகையில் நடந்துகொண்டிருந்தார்கள். இருபது வருடமாக நான் பார்த்துப் பார்த்துப் பார்க்காமல் விட்ட காட்சி. "கேள்" என்றார். கால் வைக்கும்போது பலகை சத்தமில்லாமல் தாழ்கிறது. கால் எடுத்த பிறகுதான் அது எழும்பிப் படகின் விளிம்பில் 'டப்' என்று அடிக்கிறது. அடுத்த கால், மறுபடி மௌனம், அதன் பின்னால் டப். சத்தம் வருகிற இடத்தில் யாரும் மிதிக்கவில்லை. மிதிக்கிற இடத்தில் சத்தம் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நானே பலகையில் ஏறி நடந்தேன். துறையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "கயித்துக்கடை அக்கா வேலைக்கு வந்துட்டாங்கோ!" என்று ஒருவன் கத்தினான். கத்தட்டும். பாதிப் பலகையில் எனக்கு உடம்பெல்லாம் புரிந்துவிட்டது. பஜனையில் நாம் உட்கார்ந்தபடி, விழுகிற இடத்தில் ஓங்கித் தட்டிப் பழகியவர்கள். இவர்களுடைய மேளம் கால் விழுவதற்கு இடம் விட்டுவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி அடிக்கிறது. அந்த வெறும் இடம்தான் ஆடுகிறவர்களின் சொத்து. இவ்வளவு நாளும் நான் அடியைச் சரியாக அடித்தேன், ஆரம்பத்தை மட்டும் தப்பான இடத்தில் வைத்திருந்தேன். அன்று மாலை வகுப்பில் பெண்களின் கால்கள் எல்லாம் அதிசயமாகத் திருந்தியிருந்தன.

அதன் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. முன்னணி ஜெம்பே அடித்தவர் ஒரு வங்கிக் கணக்கர், பர்மியர், பயந்த சுபாவம். மேளத்தில் கை வைத்தால் மட்டும் வேறு ஆள். நான் அவரை வங்கித் தம்பி என்பேன். என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் "என்னாடி, இந்த வயசுல பீப்பாயைத் தட்டிக்கிட்டு" என்று கேலி செய்தார். பிறகு ஒரு நாள் துடுப்புக் கைப்பிடியைத் தானே அறுத்து எடுத்துவந்து, வாசலில் உட்கார்ந்து இழைக்க ஆரம்பித்தார். இழைத்து முடித்ததைச் சயாமாதான் வாங்கி, எடை பார்த்து, நுனியைக் கொஞ்சம் அறுக்கச் சொல்லி, தன் கையால் ரப்பர் சுற்றி என்னிடம் கொடுத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எனக்கென்று மட்டும் ஒருவர் செய்து தந்த பொருள் அது. அதைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் சொன்னதில்லை.

பிறகு எங்கள் குழுவின் அரங்கேற்றம் வந்தது. நகர நடுவில் ஒரு பழைய அரங்கம், சாயங்காலம் நாலு மணி. மேடை விளக்குகள் எடுபட வேண்டும் என்பதற்காக ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். கூட்டம் நிறைந்துவிட்டது. பெண்கள் எல்லாரும் ஆடி முடித்து ஒதுங்க, கடைசியில் சயாமா தனியாக மேளங்களுக்கு முன்னால் வந்தார். அவர் ஆடி நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். வகுப்பில் அவர் காட்டிக்கொடுப்பார், திருத்துவார், பாதியில் நிறுத்துவார். அன்று நிறுத்தவில்லை. வங்கித் தம்பியின் கை அவர் காலைத் துரத்தியது. என் தரைமேல் அவர் மூன்று முறை குதித்து இறங்கினார். ஒவ்வொரு முறையும் நான் விட்ட வெறும் இடத்தில், அவருக்காகவே வைத்திருந்த இடத்தில், அவருடைய இரண்டு பாதங்களும் வந்து விழுந்தன. என்ன சுகம் அது! நான்காவது முறை குதித்தபோது மின்சாரம் போனது.

மின்சாரம் போனால் எங்கள் ஊரில் கை நின்றுவிடும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பிறந்ததிலிருந்து பழகியது. விளக்கு அணைந்தால் தையல் மிஷின் நிற்கும், சோறு பிசைகிற கை நிற்கும், சண்டைகூடப் பாதி வாக்கியத்தில் நிற்கும். "அசையாதே, இருந்த இடத்துலயே இரு" என்று என் அம்மா இருட்டிலிருந்து குரல் கொடுப்பார், கண்ணாடி விளக்கைத் தட்டிவிடுவோம், அரிவாள்மனையில் மிதித்துவிடுவோம் என்ற பயத்தில். நாற்பத்தாறு வருடம் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்த கை அன்றும் கீழ்ப்படிந்தது. இருட்டு விழுந்த அந்த நொடியில் நான் குச்சியைக் கீழே வைத்தேன். தரை போனதும் மற்ற மேளங்களும் நின்றன, அடித்தவர்கள் அனைவரும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தானே. அரங்கம் முழுவதும் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள் ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. போன் விளக்குகளை ஏற்றிப் பார்த்தபோது சயாமா மேடையின் விளிம்பில் உட்கார்ந்து இடது முட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

முட்டிக்குள் சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மறுபடி ஆடுவது சந்தேகம், பார்க்கலாம் என்றார்கள். வந்து பார்த்தவர்கள் அத்தனை பேரும் மின்வெட்டைத் திட்டினார்கள். ஒருவர்கூட என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. உண்மை இரண்டு பேருக்குத்தான் தெரியும், கட்டிலில் படுத்திருக்கிறவருக்கும் கஞ்சிப் பாத்திரத்தோடு நிற்கிற எனக்கும். மூன்றாம் நாள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவாயில்லை" என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், ஒளிப்பானேன். அவர் சொல்லவில்லை. கோபமாகத்தான் இருந்தார். "நீ நிறுத்திட்டே அக்கா" என்றார். "நான் மேலே இருந்தேன்."

அவ்வளவுதான். பிறகு தண்ணீர் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். கடைக்கு வந்து குச்சியைத் தார்ப்பாய்க் கட்டுக்கு அடியில் செருகிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தைகள் என்னைவிட்டுப் போகவே இல்லை. கயிறு அளக்கும்போதும் சோறு வடிக்கும்போதும், மேலே இருந்தேன், மேலே இருந்தேன் என்று காதுக்குள் கேட்டது. என் வீட்டுக்காரர் "கரண்டு போனா யாரு என்ன பண்ண முடியும்" என்று தேற்றுவார். அவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. நான் தலையாட்டி ஒப்புக்கொண்ட சட்டம் அது.

ஆறு வாரம் கழித்து, ஊன்றுகோல் கட்டைகளைத் தட்டிக்கொண்டு சயாமா கடைக்கு வந்தார். ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்தார். அவருக்கு ஒரு விஷயம் புரியவே இல்லையாம், அதைக் கேட்கத்தான் வந்தாராம். அவருடைய ஊரிலும் மின்சாரம் போகும், எங்கள் ஊரைவிட மோசமாகப் போகும். சின்ன வயதிலிருந்து முற்றத்து இருட்டில் ஆடியிருக்கிறார். அங்கே எந்த மேளமும் நின்றதில்லை. "விளக்குக்கும் மேளத்துக்கும் என்ன சம்பந்தம்? நீ ஏன் நிறுத்தினே?" என்று நிஜமாகவே கேட்டார். நான் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன், கண்ணாடி விளக்கையும் அரிவாள்மனையையும் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல அம்மா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெட்ட டூண்டூன்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்கும்போது, செவ்வாய்க்கிழமை வகுப்பு இருக்கிறது, குச்சியோடு வா என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் அடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து நொண்டிப் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். என் கை நின்றது. விளக்கைப் போட்டார். மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். அடுத்த வகுப்பிலும் அணைத்தார், அதற்கடுத்த வகுப்பிலும். எப்போது அணைப்பார் என்று தெரியாது. சில நாள் அவர் அணைப்பதற்கு முன்னால் நிஜமாகவே மின்சாரம் போய்விடும், கூடமே சிரிக்கும். நாலைந்து வாரம் என் கை தடுமாறிற்று, அப்புறம் இழுத்துப் பிடித்து அடித்தேன். கடைசியில் ஒரு நாள் விளக்கு எப்போது அணைந்தது, எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. "இப்ப நீ தரை" என்றார். ஆனால் அந்தத் தரையில் இறங்கிக் காட்ட அவருக்குக் கால் இல்லையே. முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் அடியை நம்பி மேலே எழும்பி இறங்க வேண்டும்.

அது நடப்பதற்கு முன்னால் நாட்டின் நிலைமை மாறிவிட்டது. பள்ளியை மூடினார்கள், வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மிங்கலாடோனில் விமான நிலைய வாசலில் அவரை வழியனுப்பினோம். ஜெம்பேகளை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். டூண்டூன் எங்கள் கடைக்கு வந்துவிட்டது. நான் குச்சியை அவரிடம் நீட்டினேன், ஞாபகமாக எடுத்துப் போகட்டும் என்று. அவர் வாங்கவில்லை. "தரை எப்படி விமானத்துல வரும்?" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பட்டை கட்டிய காலை ஒருமாதிரி இழுத்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. நான் டாக்சியில் வீடு வரும்வரை அழுதேன். என் வீட்டுக்காரர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் ஆகிச் சில வருடங்கள் போய்விட்டன. வங்கித் தம்பியும் தாய்லாந்து போய்விட்டார். எங்கள் துறையில் படகுகள் குறைந்திருக்கின்றன, மின்சாரம் வருகிற நேரம் அதைவிடக் குறைந்திருக்கிறது. கடைப் பின்கட்டில் பேட்டரி வைத்திருக்கிறோம், ஒரு விளக்கும் ஒரு விசிறியும் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சயாமா வீடியோவில் கூப்பிடுவார். ஊரில் அறுவை செய்துகொண்டார், குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார், உட்கார்ந்தபடி. "ஆடுறீங்களா?" என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி மழையையும் சோற்றையும் விலைவாசியையும் பேசுவோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே சாயங்காலம் நாலு மணி, கடைக் கதவை அடைத்து விளக்கைப் போட்டிருந்தோம்; அங்கே காலை. கூப்பிட்டார். அன்று அவர் தமெய்னை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார், இங்கே வாங்கிய அதே தமெய்ன். "மேளம் இருக்கா அக்கா?" என்றார். தார்ப்பாயை விலக்கி, அவர் போன நாளிலிருந்து மறுபடி அதன் அடியிலேயே கிடந்த குச்சியை எடுத்துக்கொண்டு, டூண்டூனை இழுத்துப் போட்டேன். போனைக் கயிற்றுச் சுருள்மேல் சாய்த்துவைத்தேன். அவர் பக்கத்தில் யாரிடமோ ஜெம்பே இருந்தது. தனியாக ஒரு தட்டு, பின்னால் ஒரு சரம். நான் ஆரம்பித்தேன். முற்றத்து மண்ணில் சயாமா எழுந்து நின்றார், மெதுவாகத் தோளை அசைத்தார், பிறகு ஆடினார்.

ஆனால் ஐயோ, கால் எல்லாம் தப்பாக விழுந்தது! என் அடி கடல் தாண்டிப் போய், அவர் ஆட்டம் கடல் தாண்டித் திரும்பி வர நேரமாகிறதே. நான் விட்ட இடத்தில் விழாமல், என் அடிக்கும் மணிக்கும் நடுவில் எங்கெங்கோ பாதங்கள் விழுந்தன. கண் சொல்வதைக் கேட்டால் கை அவருடைய காலுக்குப் பின்னாலேயே ஓடிவிடும், ஓடினால் அங்கே அவருக்குத் தரை நழுவும். நான் படத்தைப் பார்ப்பதை விட்டேன். துறைப் பலகையை நினைத்துக்கொண்டேன். கால் எங்கே விழ வேண்டும் என்று எனக்குத் தெரியும், அங்கே இடம் விட்டால் போதும், அவர் வந்து சேர்ந்துகொள்வார். ஆவல் தாங்காமல் ஒரு கணம் போனைப் பார்த்தேன். சயாமா குதித்திருந்தார். அந்த நொடியில் கடை இருண்டது. வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. படம் அப்படியே உறைந்து நின்றது, இரண்டு காலும் மண்ணைவிட்டு மேலே, தலைத்துணி காற்றில். பிறகு அந்தப் படமும் போய்விட்டது.

நான் நிறுத்தவில்லை. தெருவில் எல்லாரும் "ஆ..." என்று சலித்துக்கொண்டது கேட்டது. என் வீட்டுக்காரர் பின்கட்டிலிருந்து தடவிக்கொண்டு வந்தார். "லைன் கட்டாயிடுச்சுடி, இனி யாருக்கு அடிக்கிறே?" என்றார். ஜெம்பேயின் அந்த அடி இன்னும் வரவில்லை. சயாமா மேலே இருந்தார். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாத மேளத்தை எத்தனை நேரம் அடித்தேன் என்று தெரியாது, தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. "நீ நிறுத்தமாட்டே" என்று என் வீட்டுக்காரர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு பேட்டரி ஒயரை இழுப்பதும், விசிறியைக் கழற்றிவிட்டு வைஃபை பெட்டியை மாட்டுவதும், திட்டுவதும் கேட்டது. பச்சை விளக்கு வந்தது. போன் 'டிங்' என்றது.

குரல் செய்தி. அவரே என் காதருகில் பிடித்து அழுத்தினார். தனியாக ஒரு தட்டு, அதன் பின்னால் வேகமாக ஒரு சரம். நான் நிறுத்தினேன். கடை திடீரென்று வெறிச்சென்று ஆனது. செய்தி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் மூச்சிரைப்பு, நன்றாக ஆடி முடித்தவருடைய மூச்சிரைப்பு. பிறகு சயாமாவின் குரல்: "அக்கா. நான் இறங்கிட்டேன்."

குச்சியைக் கொண்டுபோய் மேசைமேல், நாடாவுக்கும் கத்திக்கும் நடுவில் வைத்தேன்.